உரிமையாளரைக் காட்ட இயலவில்லை

1

இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், பின்னால் நான் தடுமாறும்போது நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு பேக்கரியின் மாடியில், மாலை ஆறு முதல் எட்டு வரை கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வகுப்பு நடக்கிறது. பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் நான் அங்கே மாணவி. சேரும்போதே ஆளுக்கொரு நோட்டு கொடுத்துவிடுவார்கள். பக்கத்துக்கு நான்கு கட்டங்கள்: கோளாறு, செய்தது, விளைவு, காரணம். அன்றன்றைக்கு நிரப்ப வேண்டும். காரணம் எழுதாத பக்கத்துக்கு ஜான்சன் சார் மதிப்பெண் போடமாட்டார்.

என் நோட்டின் முப்பத்தோராம் பக்கம் இப்படி இருக்கிறது:

கோளாறு: புது ஓ.எஸ். ஏற்றிய பிறகு ஒரு ஃபோல்டர் திறக்கவில்லை.
செய்தது: (இடம் போதவில்லை. தனித்தாள் ஒட்டியிருக்கிறேன்.)
விளைவு: திறந்தது!!!
காரணம்:

மூன்று ஆச்சரியக்குறிகளில் இரண்டை சார் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ஒன்று போதுமாம். அன்றைக்கு அந்த அறையில் இருந்திருந்தால் நான்காவதை அவரே போட்டிருப்பார்.

கடைசிக் கட்டத்தில் எழுதி எழுதி அழித்ததில் தாள் மெலிந்து அடுத்த பக்கத்து எழுத்து தெரிகிறது. மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்காத காரணம் அது. அதனால்தான் கதை.

2

முதல் வரி, முயற்சி ஒன்று: மாமல்லபுரத்தின் அலைகள் அன்று வழக்கத்தை விட —

நிறுத்திவிட்டேன். சம்பவம் நடந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. மாமல்லபுரம் வரை போய் கடலைப் பார்க்காமல் திரும்பியவள் நான். பார்க்காத அலையை எப்படி எழுதுவது?

முயற்சி இரண்டு: பூங்கொடியின் விரல்கள் நடுங்கின.

பொய். நடுங்கியவை என் விரல்கள்.

முயற்சி மூன்று: ஓ.எஸ். மாற்றும்போது பழைய பயனர் கணக்குக்கு வழங்கப்பட்ட அனுமதிகள் புதிய கணக்குக்கு —

இது வகுப்பில் கொடுக்கும் நோட்ஸ். இதைப் படித்துவிட்டு யாரும் இரண்டாவது வரிக்கு வரமாட்டார்கள்.

முயற்சி நான்கு: எல்லாம் என் உற்சாகத்தால் வந்தது.

இது உண்மை. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

எல்லாம் என் உற்சாகத்தால் வந்தது.

பூங்கொடி அக்கா படாளத்துக்காரர். இரண்டு வருடத்துக்கு முன் கல்யாணமாகி பூஞ்சேரிக்குப் போனார். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் அறை முன்பதிவு பார்க்கிறார். எங்கள் கடைக்கு அவர் வந்தது, ஒரு கல்லூரிப் பாடப்புத்தகத்தைப் பெரிய எழுத்தில் ஜெராக்ஸ் எடுக்க. "கண்ணு சரியில்லையாக்கா?" என்று கேட்டேன். "எனக்கு இல்ல, மதுவுக்கு" என்றார்.

திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் மதுவந்தி பி.ஏ. இறுதியாண்டு படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. நான்கு வருடமாக அவளுக்குப் பாடங்களை வாசித்துப் பதிவுசெய்து கொடுப்பது பூங்கொடி அக்காதான். பெரிய எழுத்து இருந்தால் வாசிக்கும்போது நாக்கு தடுக்காதாம்.

அக்கா கையோடு கொண்டுவந்திருந்த லேப்டாப்பின் திரையில் அப்போது ஓர் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. பழைய ஓ.எஸ்.ஸுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடைக்காது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று. அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளங்கை அரிக்கத் தொடங்கிவிட்டது. வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம். நிஜமான ஆளின் நிஜமான லேப்டாப்பில் நான் கை வைத்ததே இல்லை.

"நான் பண்ணித் தரேங்க்கா! வகுப்புல இலவசமாவே பண்ணலாம்!"

சனிக்கிழமை மாலை செய்து முடித்தேன். பதினேழு படிகள் கொண்ட பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்தேன். படி ஆறு: "டி டிரைவைத் தொடாதே. அக்காவின் பாடங்கள் அங்கே." தொடவில்லை. டிக். படி பதினான்கு: "புதுக் கணக்கு உருவாக்கு. பெயர் ஆதாரில் உள்ளபடி." ஆதாரை வாங்கிப் பார்த்து, ஆங்கில எழுத்தில் மு. பூங்கொடி என்று அடித்தேன். டிக். என் பெயரிலும் ஒரு நிர்வாகி கணக்கு வைத்துக்கொண்டேன், ஏதாவது கோளாறு வந்தால் பார்க்க. டிக், டிக், டிக். வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நானே ஒரு பட்டர் பன் வாங்கிக்கொடுத்தேன்.

புதன்கிழமை காலை அக்கா போன் செய்தார்.

"ஜெனி, இன்னா பண்ணி வெச்ச?"

"என்னாச்சுக்கா?"

"பாடம் கீற ஃபோல்டர தொட்டா, உனக்கு பர்மிஷன் இல்லன்னுது. என் லேப்டாப்பு, என் கொரலு. எங்கிட்டயே பர்மிஷன் கேக்குது!"

"போன்ல இருக்குமேக்கா?"

"போன்ல எடம் இல்லன்னு போன வாரந்தான் அழிச்சேன். இருவத்தி மூணு பதிவும் அதுக்குள்ள மாட்டிகினு கீது. மொத்தமா குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். நாளைக்கு காலைல பத்து மணிக்கு அவளுக்கு பொருளாதாரப் பரிட்ச, ஜெனி."

எனக்குப் பட்டர் பன் ஞாபகம் வந்தது.

4

(இந்த இடத்தில் ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிய சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும்.)

முதல் வரைவில் இங்கே ஒரு பத்தி இருந்தது. அதன் தொடக்கம்: "திருக்கழுக்குன்றத்தின் ஒரு சிறிய அறையில், இருளையே உலகமாகக் கொண்ட மதுவந்தி, வராத குரலுக்காகக் காத்து —"

மதுவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். அவள் முழுதாகக் கேட்கவில்லை.

"அந்த ரூம் சின்னதுன்னு உனக்கு யார் சொன்னா?"

"சும்மா... ஒரு சூழலுக்காக..."

"அன்னைக்கு நான் காத்துண்டு ஒக்காந்திருக்கலை. மூணு பேருக்கு போன் போட்டு நோட்ஸ் கேட்டேன். ரெண்டு பேர் தரேன்னு ஏமாத்தினா. ஒருத்தி தந்தா, அதுல பாதி தப்பு. நடுவுல தோசை சாப்ட்டேன். கதைல தோசையைப் போடு, இருளை எடு."

எடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பாதி வரியை மேலே அப்படியே விட்டிருக்கிறேன், நான் அப்படி எழுதக்கூடியவள் என்பது உங்களுக்குத் தெரியட்டும் என்று.

மதுவைப் பற்றி இன்னொன்று. பூங்கொடி அக்கா வாசிக்கும்போது அடைப்புக்குறிகளையும் வாசிப்பார். "அடைப்புக்குறி ஆரம்பம், இது 1991க்குப் பிந்தைய நிலை, அடைப்புக்குறி முடிவு." அவற்றை விட்டுவிட்டால் அர்த்தம் மாறிவிடும் என்று மதுதான் பழக்கினாளாம். (இந்தக் கதையில் இத்தனை அடைப்புக்குறிகள் இருப்பதற்குக் காரணம் தெரிந்துவிட்டதா?)

5

கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கணக்கு. இருபத்து மூன்று பதிவுகள், மொத்தம் ஒன்பது மணி நேரம். மது ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பாள். ஆறு மணி நேரம். நான் போய்ச் சேரும்போது மணி இரண்டு. தேர்வுக்கு அப்போது இருபது மணி நேரம் இருக்கும். தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், கல்லூரிக்குப் போக வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் பென் டிரைவ் அவள் கைக்குப் போனால் சரி. அதற்கு மூன்றே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆக என்னிடம் இருந்தது ஒன்றே முக்கால் மணி நேரம்.

ரிசார்ட்டின் பின்பக்கத்தில், படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறைக்கு அக்கா அழைத்துப்போனார். அதுதான் அவர் பதிவுசெய்யும் இடம். நான்கு பக்கமும் கூரை வரை வெள்ளைத் துணி. பேசினால் எதிரொலியே இல்லை. பக்கத்து அறையில் துவைக்கும் மெஷின்கள். மூன்று மணிக்கு அவற்றைப் போட்டுவிடுவார்கள். மதுவுக்கு அந்தச் சத்தம் அத்துப்படியாம்.

லேப்டாப்பைத் திறந்து என் கணக்கில் நுழைந்தேன். டி டிரைவ். 'பாடங்கள்' என்ற ஃபோல்டர். இரண்டு தட்டு.

திரையில் வந்ததைத் தமிழில் தருகிறேன்: இந்த ஃபோல்டரை அணுக உங்களுக்குத் தற்போது அனுமதி இல்லை. நிரந்தரமாக அனுமதி பெற 'தொடர்க' பொத்தானை அழுத்தவும்.

அழுத்தினேன்.

அனுமதி மறுக்கப்பட்டது.

"அழுத்துன்னு சொல்லிட்டு அப்பறம் மறுக்குதே, இது இன்னா புத்தி?" என்றார் அக்கா.

ஃபோல்டரின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தேன். உரிமையாளர் என்ற சொல்லுக்கு எதிரே ஒரு வரி: தற்போதைய உரிமையாளரைக் காட்ட இயலவில்லை.

"நான் இங்க குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துகினு கீறேன். காட்ட முடியலையாமா!"

ஏன் இப்படி என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு முன்பு படாளத்து வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட லேப்டாப்பை எடுத்து இரண்டு பாடங்களை அழித்துவிட்டார்களாம். அதனால் அந்த ஊர்க் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் சொல்லி, அக்காவின் கணக்கைத் தவிர வேறு யாரும் நுழைய முடியாதபடி அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் பூட்டுப் போட வைத்திருக்கிறார். அந்தக் கணக்கைத்தான் சனிக்கிழமை நான் பழைய ஓ.எஸ்.ஸோடு சேர்த்துத் துடைத்துவிட்டேன். பூட்டு இருக்கிறது. சாவிக்காரர் இல்லை.

"அந்தக் கணக்கு என்ன பேர்ல இருந்துச்சுக்கா?"

"சி. பூங்கொடின்னு. எங்கப்பா சின்னராசு இல்ல, அந்த சி."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

6

இப்போது நடந்த தவறு எங்கள் ஊரில்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

"இன்ஷியலு!" என்றார் அக்கா. "கல்யாணத்துக்கு அப்பறம் ஆதார்ல மு-ன்னு மாத்திட்டாங்க. நீ அத பாத்து மு போட்டுட்ட. அது வேற யாரோன்னு நெனச்சுகினு வெளிய நிக்க வெச்சிடுச்சு!"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இவ்வளவுதானா! ரேஷன் கார்டில், பாஸ்புக்கில், சான்றிதழில், எங்கள் கடைக்கு வருகிற பாதிப் பெண்களின் பிரச்சினையே இதுதான். ஒரு தாளில் அப்பா, ஒரு தாளில் கணவன், இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதிக்கொடுக்க மூன்றாவதாக ஒரு தாள். கம்ப்யூட்டரும் நம் ஊர் ஆபீஸ் மாதிரிதான் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

உறுதிப்படுத்த வகுப்புத் தோழன் ஹேமந்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவன் பகலில் நாவலூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி.

"இன்னா மச்சி, டூட்டில கீறேன்."

"ஹேமந்த், ஒரு ஃபோல்டருக்குள்ள போக பர்மிஷன் இல்லைன்னுது."

"பர்மிஷன் இல்லாதவன உள்ள வுடாம நிக்க வெக்கிறதுதான் என் வேல. அத எங்கிட்டயே கேக்குற பாரு!"

இன்ஷியல் விஷயத்தைச் சொன்னேன்.

"அதான் மச்சி! பழைய இன்ஷியல்ல புதுசா ஒரு கணக்கு போடு. தன்னால தொறந்துக்கும்."

போட்டேன். சி, புள்ளி, இடைவெளி, பூங்கொடி. கணக்கு உருவாகும்போது திரையில் 'வணக்கம்' என்று வந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். டி டிரைவ். பாடங்கள். இரண்டு தட்டு.

உங்களுக்குத் தற்போது அனுமதி இல்லை.

மணி இரண்டு முப்பத்தைந்து.

திறக்கவில்லை என்று போனில் சொன்னேன். பிறகு ஹேமந்த் மெதுவாகச் சொன்னான்: "மச்சி, எங்க கேட்ல ரெண்டு அஸ்வத் கீறானுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, ஒரே இன்ஷியலு. கேட்டு பேர பாத்தா தொறக்குது? கார்டு நம்பர பாத்துதான் தொறக்குது. கார்ட தொலச்சிட்டு புதுசு வாங்கினான்னா, பேரு அதேதான், நம்பரு வேற. பழைய நம்பருக்குப் போட்ட பர்மிஷன் அதுக்கு வராது."

ஒவ்வொரு கணக்குக்கும் கம்ப்யூட்டர் உள்ளுக்குள் ஒரு நீண்ட எண் கொடுக்கிறது. பெயர் நமக்காக ஒட்டிய லேபிள். மூன்றாவது வாரப் பாடம். என் நோட்டில் பக்கம் ஒன்பதில், காரணம் கட்டத்தில், என் கையெழுத்திலேயே இருக்கிறது. படித்தது எதுவும் அந்த நிமிடம் ஞாபகத்துக்கு வரவில்லை, இன்ஷியல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்பிவிட்டேன்.

அக்காவிடம் விளக்கினேன்.

"அப்போ இதுக்கு எங்கப்பா பேரும் தெரியாது, எங்க வூட்டுக்காரர் பேரும் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"நல்ல மிஷினா கீதே!" என்றார். ஃபோல்டர் இன்னும் பூட்டியே இருந்தது. ஆனாலும் சிரித்தார்.

7

வழி ஒன்றுதான். திரும்ப என் நிர்வாகி கணக்கில் நுழைந்து, உரிமையாளர் என்ற இடத்தில் 'மாற்று' என்பதை அழுத்தி, ஒரு பெயரைக் கொடுத்து, ஃபோல்டரையே எழுதி வாங்கிக்கொள்வது. செய்தேன். சரி. மூடினேன். மறுபடி திறந்தேன்.

திறந்தது!

நான் கத்திய கத்தலில் துவைக்கும் அறையிலிருந்து பூங்கொடி அக்காவின் தோழி கல்யாணி ஓடிவந்து, "இன்னாடி, பாம்பா?" என்றார்.

உள்ளே ஐந்து ஃபோல்டர்கள். அலகு ஒன்று முதல் ஐந்து வரை. முதலாவதைத் தட்டினேன்.

அனுமதி இல்லை.

"பாம்புதான் போல" என்று சொல்லிவிட்டுக் கல்யாணி அக்கா அங்கேயே நின்றார்.

வாசல் கதவு திறந்தும் உள்ளறைகள் பூட்டியிருந்தன. மூன்று மணி. மெஷின்கள் ஓடத் தொடங்கின. சுவர் அதிர்ந்தது. என் நோட்டைப் புரட்டினேன். விரல் வியர்வையில் பக்கம் ஒட்டிக்கொண்டது. கண்டுபிடித்தேன்: உரிமையாளரை மாற்றும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. 'உள்ளே இருக்கும் அனைத்துக்கும் இதே உரிமையாளர்.' அதற்கு டிக் போட மறந்திருந்தேன். பதினேழு டிக் போட்டவள் ஒரு டிக்கை மறந்தேன்.

போட்டேன். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடின. பிறகு அனுமதிப் பட்டியல் வந்தது. அதில் என் பெயருக்கு மேலே, ஒரு கேள்விக்குறிப் படத்தோடு, 'தெரியாத கணக்கு' என்று ஒரு வரி. பக்கத்தில் கோடு கோடாகப் பிரித்த நீண்ட எண்.

"அது யாரு?"

"நீங்கதான்க்கா. பழைய நீங்க."

அக்கா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய் அந்த எண்ணை வாய்விட்டு வாசித்தார், கோடுகளையும் சேர்த்து. வாசித்துப் பழகிய வாய்.

"இனிமே இது வேலைக்கு ஆகாது. அழிச்சிடவா?" என்று கேட்டேன்.

"கெடக்கட்டும் வுடு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்."

அலகு ஒன்று. திறந்தது. முதல் பதிவைச் சோதனைக்காக ஓட விட்டேன். துணி அடுக்கிய அந்த அறையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் குரலே லேப்டாப்பிலிருந்து வந்தது: "பொருளாதாரம். அலகு ஒன்று. வாசிப்பவர், சி. பூங்கொடி."

பதிவின் தேதி போன மாதம்.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா துணி அடுக்கைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"பழக்கம்" என்றார். "அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. நானும் இன்னா போட்டுக்கணும்னு யாரையும் கேட்டதில்ல."

8

மூன்று இருபதுக்குப் பென் டிரைவில் ஏற்றி முடித்தேன். இருபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து ஐந்து விநாடி ஓடவிட்டு, நோட்டில் இருபத்து மூன்று டிக் போட்டேன். கல்யாணி அக்கா கடிகாரத்தைக் காட்டி, "இவ டிக் போட்டே பஸ்ஸ வுடப்போறா" என்றார். ஓடினேன். கடல் வலப்பக்கம் இருந்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்தில் பஸ் இரண்டு நிமிடம் நிற்கும். மதுவை அங்கே வரச்சொல்லி அக்கா போன் செய்திருந்தார். நான் மதுவைப் பார்த்ததே இல்லை. மடக்குக் கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பழக்கடையை ஒட்டி ஒரு பெண் நின்றிருந்தாள். ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டு, "மதுவந்தி!" என்று கத்தினேன்.

"கத்தாதே, காது நன்னா கேக்கும்" என்றபடி கையை நேராக என் பக்கம் நீட்டினாள்.

பென் டிரைவை வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டாள்.

"இருபத்து மூணும் இருக்கா?"

"இருக்கு! சோதிச்சுட்டேன்!"

"யாரும்மா அது, எறங்குறியா இல்லியா?" என்றார் கண்டக்டர்.

மணி நான்கு இருபத்தைந்து. பஸ் நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் நான் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தேன்.

9

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடிவு ஒன்று: மது முதல் மதிப்பெண் எடுத்தாள். (முடிவுகள் இன்னும் வரவில்லை. பதினேழாவது பதிவிலிருந்து ஒரு பத்து மதிப்பெண் கேள்வி வந்தது என்று மட்டும் சொன்னாள்.) முடிவு இரண்டு, ஹேமந்த் சொன்னது: அந்தத் தெரியாத கணக்கு திடீரென்று தானாகவே உள்ளே நுழைகிறது. (அவன் செக்யூரிட்டி. அவனுக்கு அந்தப் பயம்தான் வரும்.)

ஆனால் சனிக்கிழமை, நோட்டின் முப்பத்தோராம் பக்கத்துக்குத் தனித்தாள் ஒட்டும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவசரத்தில் உரிமையாளர் கட்டத்தில் நான் அடித்த பெயர் என் பெயர். பூங்கொடி அக்காவின் குரல், ஒன்பது மணி நேர வாசிப்பு, அத்தனைக்கும் உரிமையாளர்: ஜெனிட்டா.

அன்று வகுப்பில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்தக் கதையை எழுதத் தொடங்கியதும் அன்றுதான். எழுதினால் இதற்கும் நான்தானே உரிமையாளர் ஆகிவிடுவேன் என்ற பயமும் அன்றே வந்தது. அக்காவுக்குப் போன் செய்து இரண்டையும் சொன்னேன்.

"லேப்டாப்புல என் பேருக்கு மாத்திக் குடு. கதைய எழுதிக்கோ. ஆனா ஒண்ணு, கதைல என் இன்ஷியல போடாத."

போடாமல் எப்படி? நடந்த தவறே இன்ஷியல்தானே? இரண்டு நாள் யோசித்து ஒரு வழி செய்தேன். நீங்கள் இதுவரை படித்த சி, மு இரண்டும் நான் போட்டவை. சின்னராசு என்ற அப்பாவும் நான் கொண்டுவந்தவர்தான். உண்மையான எழுத்துகள் அவரிடமே இருக்கின்றன.

10

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாமல்லபுரம். அதே துணி அறை. உரிமையாளரை அக்காவின் கணக்குக்கு மாற்றினேன், உள்ளே இருக்கும் அனைத்துக்கும் சேர்த்து, டிக் போட்டு, டிக் போட்டதைச் சரிபார்த்து.

"அக்கா, இப்ப உங்க நம்பர்தான் உரிமையாளர். இனிமே கணக்குக்கு என்ன பேர் வெச்சாலும் அது உங்களுக்குத் தொறக்கும்."

"எந்தப் பேரு வெச்சாலுமா?"

"சோதிச்சுட்டேன். மாங்காய்னு வெச்சுப் பாத்தேன். தொறந்துச்சு."

அக்கா சிரித்துவிட்டு லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். புதுப் பெயரைக் கேட்டு ஒரு காலிக் கட்டம் திரையில் இருந்தது.

"திரும்பிக்கோ."

"எதுக்குக்கா?"

"ஏ.டி.எம்.ல நின்னா திரும்பிக்க மாட்ட? திரும்பு."

வெள்ளை விரிப்புகளைப் பார்த்து நின்றேன். மெஷின்கள் இன்னும் போடவில்லை. எதிரொலி இல்லாத அறை அது. சின்னச் சத்தமும் தனியாகக் கேட்கும். அக்கா முதலில் எதுவும் அடிக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தட்டல்கள். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

பதினொன்று.

ஆங்கில எழுத்தில் பூங்கொடி என்று அடிக்க எட்டுத் தட்டல். முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, கடைசியில் என்டர் சேர்த்தால் பதினொன்று. அப்படியானால் இன்ஷியல் இருக்கிறது, எந்த இன்ஷியல் என்று தெரியாது. அல்லது வெறும் பூங்கொடி எட்டு, நடுவில் ஒரு தவறான தட்டல், அதை அழிக்க ஒன்று, கடைசியில் என்டர். அதுவும் பதினொன்று. இரண்டு கணக்கும் சரியாக வருகிறது. நான்கு முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

போன வாரம் மதுவுக்குப் போன் செய்தேன். அடுத்த செமஸ்டரின் முதல் பதிவு வந்துவிட்டதாம்.

"ஆரம்பத்துல வாசிப்பவர்னு பேர் சொல்லுவாங்களே, என்னன்னு சொன்னாங்க?"

"சொன்னா. கேட்டேன்."

"என்ன மது, சொல்லேன்!"

"உனக்குத் தற்போது அனுமதி இல்லை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அதனால் இதை உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டில் லேப்டாப் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள்; எது அந்த அறையில் கேட்டதாக இருக்கும் என்று உங்கள் காது சொல்லக்கூடும். கிடைத்தால் கீழே கடைசிக் கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலில்.

பக்கம் 38

கோளாறு: உரிமையாளரின் பெயர் தெரியவில்லை.
செய்தது: திரும்பி நின்றேன்.
விளைவு: பதினோரு தட்டல்!
காரணம்: